கசிவு காட்டும் கருவி: ஒரு விண்கலக் குறும்படத்துக்குச் செய்த கைப்பொருள்

நண்பர் ஒருவர் அறிவியல் புனைவுக் குறும்படம் ஒன்று எடுக்கிறார். அதற்காகக் கையில் பிடித்துத் தேடும் ஒரு கசிவு காட்டும் கருவியைச் செய்து கொடுத்தேன், அந்த வேலையின் விவரங்களைத்தான் இங்கே எழுதுகிறேன். கதை சின்னது. பழைய சரக்கு விண்கலம், அதில் தனியாக இருக்கும் ஒரு பராமரிப்பு ஊழியர், எங்கிருந்தோ காற்று வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை. படம் முழுக்க அவர் கையில் இந்தக் கருவி இருக்கும், பல ஷாட்களில் திரையின் பாதியை அதுதான் அடைத்துக்கொள்ளும். செட் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒரு குறுகலான நடைபாதையும் சில சுவர்ப் பலகைகளும்தான். அதனால் இது விண்கலம் என்று பார்ப்பவர் நம்ப வேண்டிய பொறுப்பில் பெரும்பங்கு இந்த ஒரு பொருளின் மேல் வந்து விழுந்தது. எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது, ஏனென்றால் இந்த மாதிரிப் படம் பார்க்கும்போது என் கண் நடிகரின் முகத்தை விட்டுவிட்டு அவர் பின்னால் இருக்கும் சுவிட்சுக்குத்தான் போகும்.

வேலைக்கு முன்னால் இயக்குநரும் நானும் ஒன்றை முடிவு செய்துகொண்டோம். கருவியில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானுக்கும், எழுத்துக்கும், கீறலுக்கும் அந்த விண்கலத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருக்க வேண்டும். யார் தயாரித்தது, யார் பிடித்து வேலை செய்கிறார், எங்கே உடைந்தது, உடைந்தபோது ஒட்டுப்போட அவர் கைக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாத எதையும் மேலே ஒட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

பெரிய விண்கல மாடல் செய்பவர்கள் பீரங்கி வண்டி, போர் விமானம் போன்ற பிளாஸ்டிக் மாடல் கிட்களின் துண்டுகளை எடுத்து மேலே நெருக்கமாக ஒட்டுவார்கள். கிட்பேஷிங் என்பார்கள், ஒட்டுகிற துண்டுகளுக்கு கிரீபிள் என்று பெயர். மாடலைக் கேமரா மெதுவாகக் கடந்து போகும்போது அந்த நுணுக்கமெல்லாம் சேர்ந்து கப்பலை மிகப் பெரிதாகக் காட்டும், அங்கே அது அருமையான உத்தி. ஆனால் கையடக்கமான ஒரு பொருளை முகத்துக்குப் பக்கத்தில் காட்டும்போது அதே துண்டுகள் எதற்கும் உதவாமல் துருத்திக்கொண்டு நிற்கும். நடிகரின் விரல் அவற்றைத் தொடவே தொடாது. விரல் போகாத பொத்தான் குளோசப்பில் உடனே தெரிந்துவிடும்.

கைப்பொருளுக்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, வேறொரு வேலைக்காக யாரோ அக்கறையோடு வடிவமைத்த நிஜப் பொருளிலிருந்து தொடங்குவதுதான். 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் லூக் வைத்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமராவின் ஃப்ளாஷ் கைப்பிடி. செட் டெக்கரேட்டர் ரோஜர் கிறிஸ்டியன் அதை எடுத்து, பிடிக்கும் இடத்தில் கறுப்புப் பட்டைகள் ஒட்டி, கிளாம்ப் பகுதியில் ஒரு கால்குலேட்டரின் லென்ஸ் வரிசையைச் செருகினார், பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஸ்டார் ட்ரெக் தொடரில் மருத்துவர் மெக்காயின் கருவிகளில் சில, மேஜையில் வைக்கும் உப்புக் குப்பிகள். இரண்டுமே மனிதக் கை பிடிக்கப்போகிறது என்று நினைத்து ஒருவர் அளவெடுத்துச் செய்தவை. எடை எங்கே நிற்க வேண்டும், கட்டைவிரல் எங்கே உட்கார வேண்டும் என்று அவர் யோசித்தது அந்த வடிவத்திலேயே இருக்கிறது. வெறும் கற்பனையில் வரைந்து அதைக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

எனக்குக் கிடைத்தது செத்துப்போன ஒரு பார்கோடு ஸ்கேனர், கிடங்குகளில் பயன்படுத்தும் துப்பாக்கி வடிவ மாடல். நாள் முழுக்கக் கையில் வைத்திருக்கப் போகிறவருக்காகச் செய்தது என்பதால் கைப்பிடி பிரமாதமாக இருந்தது, டிரிகர் அமுக்கினால் நல்ல சத்தத்தோடு உட்கார்ந்தது. மேலே நிறுவனப் பெயர் இருந்த பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்பித் தேய்த்துவிட்டேன், கண்ணாடி முகப்பைக் கழற்றிவிட்டேன். மிச்சம் அப்படியே.

இந்தக் கட்டத்தில், நிஜத்தில் கசிவை எப்படித் தேடுகிறார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது. சின்னத் துளை வழியாகக் காற்று பீய்ச்சிக்கொண்டு போகும்போது கொந்தளிப்பு உண்டாகும், அந்தச் சத்தத்தில் கணிசமான பகுதி மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலி. 40 கிலோஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் வரும் அந்த ஒலியைப் பிடித்துக் கேட்கும் அளவுக்குத் தாழ்த்தி ஹெட்போனில் தரும் கருவிகள் தொழிற்சாலைகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன, சர்வதேச விண்வெளி நிலையத்திலும் உண்டு. 2018 ஆகஸ்டில் நிலையத்தோடு இணைந்திருந்த சோயுஸ் கலத்தில் சுமார் 2 மில்லிமீட்டர் துளை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது, அதை எபாக்ஸியும் துணியும் வைத்து அடைத்தார்கள். 2020-இல் ரஷ்யப் பகுதியில் இன்னொரு கசிவு. பிடிபடாமல் நீண்ட நாள் இழுத்தடித்த அதைக் கண்டுபிடித்த விதம்தான் என்னைக் கவர்ந்தது: ஒரு தேயிலைப் பையைப் பிரித்துத் தூளை அறைக்குள் மிதக்கவிட்டு, கதவுகளை மூடிவிட்டு, தூள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேமராவில் பார்த்தார்கள். அது போய் நின்ற இடத்தில் சுவரில் ஒரு கீறல் இருந்தது. முதல் ஒட்டு, கேப்டன் (Kapton) என்ற பிளாஸ்டிக் படல டேப்.

இதைச் சொன்னதும் இயக்குநர் திரைக்கதையில் கை வைத்தார், அது அவர் வேலை. எனக்குக் கிடைத்தது கருவியின் குணம். முன்னால் ஒலியைக் குவிக்க ஒரு கூம்பு வேண்டும், காட்டுவதற்கு விளக்குப் பட்டை ஒன்று, ஒரு காதுக்கு மட்டும் ஹெட்போன். ஏன் ஹெட்போன் என்றால், எடையின்மையில் சூடான காற்று தானாக மேலே எழும்பாது, அதனால் விண்கலத்துக்குள் மின்விசிறிகள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் விடும் மூச்சு நம் முகத்தைச் சுற்றியே தேங்கிவிடும். அந்த இரைச்சலில் வெறுங்காதுக்கு ஒன்றும் எட்டாது. ஒரு காது மட்டும் ஏன் என்றால், தனியாக இருப்பவர் அபாய மணிக்கு இன்னொரு காதைத் திறந்து வைத்திருப்பார்.

கூம்பு, ஒரு அலுமினியப் புனலின் வாய்ப்பகுதியை வெட்டியது. ஸ்கேனரின் முகப்புக்கும் அதற்கும் நடுவில் வரும் வளையத்தை 3டி பிரின்டரில் எடுத்தேன். பிரின்ட்டின் வரிவரியான அடுக்குகள் தெரிந்தால் எல்லாம் போச்சு, அதனால் ஃபில்லர் பிரைமர் அடித்து, 220, 400, 600 என்று உப்புத்தாளை மாற்றி மாற்றித் தேய்ப்பதில் நல்ல நேரம் போனது. இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை, பொறுமை இருந்தால் போதும்.

எடையின்மைதான் இந்த வேலையின் சுவாரசியமான பகுதி. பொதுவாகக் கைப்பொருள் செய்பவர்கள் உள்ளே ஈயமோ இரும்போ வைத்துக் கனமாக்கச் சொல்வார்கள், நடிகர் தூக்கும் விதத்திலேயே நிஜம் தெரியும் என்பதால். இங்கே அதற்கு நேர்மாறாகப் போக வேண்டியிருந்தது. கை நீட்டிய நிலையில் கருவியை நெடுநேரம் வைத்திருந்தாலும் மணிக்கட்டு தளரக் கூடாது, எடை இருப்பதற்கான எந்தத் தடயமும் தெரியக் கூடாது, ஆகவே உள்ளே இருந்த பழைய போர்டு, ஸ்பிரிங், தடித்த உலோகத் தகடு எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டேன்.

அடுத்தது கயிறு. விண்கலத்தில் எந்தக் கருவியும் கையை விட்டால் மிதந்து போய்விடும், அதனால் இடுப்புப் பட்டையோடு கட்டிவைப்பார்கள். கயிறு கட்டினேன், கட்டியவுடன் அது கீழே தொங்கியது. தொங்கும் கயிறு ஒன்று போதும், மொத்தப் படமும் பூமிக்கு இறங்கிவிடும். பின்னல் கயிற்றின் உள்நூலை உருவிவிட்டு, அதற்குள் வளைத்தால் அப்படியே நிற்கும் மெல்லிய கம்பியை நுழைத்தேன். ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் சோம்பலான ஒரு வளைவில் மடக்கிவிட்டால் காற்றில் மிதப்பது போல நிற்கும். ஹெட்போன் ஒயரிலும் இதே வேலைதான், சுருள் ஒயரைத் தவிர்த்துவிட்டுச் சாதா ஒயரோடு கம்பியைச் சேர்த்து மேலே மெல்லிய உறை போட்டேன். நடிகர் திரும்பும்போது கம்பி விறைப்பாகக் கூடவே வரும், அதனால் வேகமாகத் திரும்பும் ஷாட்களில் கயிறு சட்டகத்துக்குள் வராதபடி ஒளிப்பதிவாளர் பார்த்துக்கொண்டார்.

பக்கவாட்டில் இரண்டு டாகிள் சுவிட்சுகள் இருக்கின்றன, ஒன்று பவர், இன்னொன்று உணர்திறன். அவற்றின் இரண்டு பக்கமும் வளைந்த கம்பிக் காவல் வைத்தேன். அப்பல்லோ கலங்களின் சுவிட்சுப் பலகைகளின் படத்தைப் பார்த்தால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் இப்படி ஒரு வளைவு தெரியும், கையுறை போட்ட விரலோ மிதந்து வரும் உடம்போ இடித்துத் தவறாகத் தட்டிவிடக் கூடாது என்பதற்காக. சைக்கிள் ஸ்போக்கை வளைத்தாலே வந்துவிடுகிறது. வேறு எந்தச் சேர்ப்பையும் விட இந்த இரண்டு வளைவுகள்தான் கருவிக்கு விண்வெளித் தோற்றத்தைக் கொடுத்தன என்று நினைக்கிறேன்.

மூடியைத் திறக்கும் ஸ்க்ரூக்கள், கழற்றினாலும் மூடியோடே இருக்கும் வகை. நிஜத்திலும் அப்படித்தான் செய்கிறார்கள், கழன்ற ஸ்க்ரூ ஒன்று மிதந்து போய் எந்தக் கருவிக்குள் புகும் என்று சொல்ல முடியாதல்லவா. திருகியவுடன் கீழே விழாமல் மூடியில் நிற்கும் அந்த ஒரு நொடி படத்தில் இருக்கிறது, பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள். கவனிக்கிற ஒருவருக்காகச் செய்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். பின்பக்கம் சுவரில் ஒட்டிவைக்க ஒரு வெல்க்ரோ துண்டு, அதுவும் சின்னதாக. 1967 ஜனவரியில் அப்பல்லோ 1 தீ விபத்தில் மூவர் இறந்த பிறகு, நைலானும் வெல்க்ரோவும் உட்பட கேபினுக்குள் எரியக்கூடிய பொருட்களைக் கடுமையாகக் குறைத்தார்கள். இந்தக் கப்பலைக் கட்டியவர்களுக்கும் அந்த வரலாறு தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

இனி எழுத்துகளும் ஸ்டிக்கர்களும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, அதிக நேரம் கேட்டதும் இதுதான்.

நிஜக் கருவி எதையாவது எடுத்துத் திருப்பிப் பாருங்கள், எத்தனை பேர் அதன் மேல் எழுதியிருக்கிறார்கள் என்று புரியும். தயாரித்தவர் அச்சிட்டது ஒன்று. வாங்கிய அலுவலகம் ஒட்டிய சொத்து எண் ஒன்று. சோதித்தவர் ஒட்டிய தேதிச் சீட்டு. கடைசியாகப் பயன்படுத்துபவர் மார்க்கரில் கிறுக்கியது. இந்த நான்கும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு கையால், வேறு வேறு ஒழுங்கில் வந்தவை. படங்களில் வரும் பல கருவிகளில் எல்லா எழுத்தும் ஒரே எழுத்துருவில், ஒரே நிறத்தில், ஒரே நாளில் ஒட்டியது போல இருக்கும். கண் அதைச் சட்டென்று பிடித்துவிடும், என்ன குறை என்று வாயால் சொல்லத் தெரியாவிட்டாலும். 1979-இல் வந்த ஏலியன் படத்துக்காக வடிவமைப்பாளர் ரான் காப் விண்கலத்தின் அறைகளுக்கும் கதவுகளுக்கும் வாயில்களுக்கும் ஒரு முழுக் குறியீட்டுத் தொகுதியையே வரைந்தார். அழுத்தம் உள்ள பகுதி, இல்லாத பகுதி, குளிரறை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். யாரும் நின்று விளக்காமலேயே, இந்தக் கப்பலை நடத்துகிற ஒரு நிறுவனம் இருக்கிறது, அதற்குச் சட்டதிட்டம் இருக்கிறது என்று அவை உணர்த்திவிடுகின்றன.

குறும்படம் தமிழில், கப்பலில் உள்ளவர்களும் தமிழ் பேசுகிறவர்கள், ஆகவே கருவியின் எழுத்தும் தமிழ்தான். தமிழைச் சின்ன அளவில் அச்சடிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புள்ளியும் சுழியும் உள்ள எழுத்துகள் ஆறு பாயின்ட்டுக்குக் கீழே போனால் மை அடைத்துக்கொண்டு ஒரே பொட்டாகிவிடும். கோடு எங்கும் ஒரே தடிமனாக, சுழியின் உட்பகுதி நன்றாகத் திறந்திருக்கும் எழுத்துருவாகத் தேடி எடுத்து, எழுத்துகளுக்கு நடுவில் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டேன். தயாரிப்பாளரின் அச்சு என்று வருவதை லேசர் பிரின்டரில் வாட்டர்ஸ்லைடு டெக்கால் தாளில் எடுத்தேன், நீரில் நனைத்தால் அச்சுப் படலம் கழன்று வந்து ஒட்டும் தாள் அது. இதை ஒட்டுவதற்கு முன்னால் பரப்பின் மேல் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம் வேண்டும். சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் படலத்துக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளி வெள்ளியாக மின்னும், கேமரா அதைத்தான் முதலில் பார்க்கும். ஒட்டிக் காய்ந்தபிறகு மேலே மேட் வார்னிஷ் அடித்தால் விளிம்பு மறைந்து, கருவியிலேயே அச்சடித்தது போல ஆகிவிடுகிறது.

எச்சரிக்கை நிறங்களை நானாக முடிவு செய்யவில்லை. மஞ்சள் முக்கோணம் என்றால் எச்சரிக்கை, சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் செய்யாதே, நீல வட்டம் என்றால் கட்டாயம் செய், பச்சை என்றால் பாதுகாப்பு வழி. இது உலகத்துக்கே பொதுவான ஒழுங்கு, பார்ப்பவருக்குப் பள்ளியிலிருந்தே பழக்கமானது, அதை மாற்றினால் புதுமையாக இருக்காது, குழப்பமாகத்தான் இருக்கும். கூம்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நீல வட்டம், அதில் ஹெட்போன் படம், கீழே "முனையைச் சுவரிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிப் பிடிக்கவும்". நடிகர் அதைப் படித்துவிட்டு அப்படியே பிடித்தார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கப்பல் நிர்வாகத்தின் சொத்து எண் வெள்ளை ஸ்டிக்கரில் பார்கோடோடு, லேசாகக் கோணலாக. விண்வெளி நிலையத்திலும் எல்லாப் பொருளுக்கும் பார்கோடு உண்டு, எது எந்தப் பையில் இருக்கிறது என்று கணக்கு வைக்காவிட்டால் அங்கே வாழ முடியாது. அப்புறம் கேலிப்ரேஷன் ஸ்டிக்கர். சோதித்த தேதி, அடுத்த சோதனைக்கான தேதி, சோதித்தவர் பெயரின் முதலெழுத்துகள். அடுத்த சோதனைத் தேதியைக் கதை நடக்கும் நாளுக்கு இரண்டு மாதம் முந்தையதாகப் போட்டேன். சோதிக்க வேண்டியவர்கள் சோதிக்கவில்லை, இந்தக் கப்பலை யாரும் கவனிப்பதில்லை, கையில் இருப்பது சொல்லும் அளவை நம்பலாமா என்பதே சந்தேகம், எல்லாமே ஒரு சின்னச் சீட்டில் வந்துவிடுகிறது. இயக்குநர் இதைப் பார்த்துவிட்டு, ஊழியர் அந்தச் சீட்டைப் பார்த்து ஒரு கணம் நிற்கும் ஷாட்டைச் சேர்த்தார். வசனம் இல்லை.

கடைசியாக, பேட்டரி மூடிக்குள்ளே நீல மார்க்கரில் இரண்டு எண்கள் எழுதினேன், முந்தைய ஊழியர் எழுதிவைத்த உணர்திறன் அளவுகள். மூடி படத்தில் ஒரு தடவைதான் திறக்கிறது.

பழசாக்குவதற்கு வருவோம். சினிமா வட்டாரத்தில் ஏஜிங் என்பார்கள். இங்கே ஒரு பழக்கத்தை எதிர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. எதைச் செய்தாலும் மூலைகளில் வெள்ளிப் பெயின்ட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. உலோகத்தின் மேல் பெயின்ட் அடித்த பொருளுக்கு அது பொருந்தும். பிளாஸ்டிக் உடம்பு தேய்ந்தால் உள்ளேயும் அதே பிளாஸ்டிக்தானே இருக்கும், வெள்ளி எங்கிருந்து வரும்? பிளாஸ்டிக் தேய்வது வேறு விதம், சொரசொரப்பான மேற்பரப்பு விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகி மினுமினுக்கும். பழைய கீபோர்டில் அதிகம் தட்டும் எழுத்துகளைப் பாருங்கள், அதேதான். ஆகவே கைப்பிடியில் பெயின்ட்டைத் தொடவே இல்லை, 2000 உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் பேஸ்ட்டைத் துணியில் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி மினுக்கினேன்.

எங்கே மினுக்குவது என்பதை ஊகிக்கவில்லை. நடிகர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். உள்ளங்கையில் கரித்தூளைப் பூசிக்கொண்டு கருவியைப் பிடித்து, சுவிட்சைத் தட்டி, டிரிகரை அமுக்கி, பையில் வைப்பது போல வைத்து எடுக்கச் சொன்னேன். கரி எங்கெல்லாம் படிந்ததோ அங்கேதான் தேய்மானம். நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு இடம் அதில் தெரிந்தது: கைப்பிடியின் அடிப்பகுதியில் சுண்டுவிரல் பக்கவாட்டாக ஊன்றும் மூலை. இப்போது கருவியைப் பார்த்தால் இடதுகைக்காரர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் பிடித்தது என்று தெரியும்.

கூம்பு நிஜ அலுமினியம் என்பதால் அங்கே வெள்ளிப் பெயின்ட்டே தேவைப்படவில்லை. விளிம்பில் மட்டும் பிரைமர் இல்லாமல் கறுப்பை மெல்லிசாக அடித்துவிட்டு, காய்ந்ததும் சாவிக்கொத்தால் தட்டினேன், நிஜமாகவே பெயர்ந்து அடி உலோகம் தெரிந்தது. அலுமினியம் செந்துருப் பிடிக்காது, அதனால் பழுப்பு நிறம் எங்குமே இல்லை. நடு வளையம் கறுப்பு, அதன் மேல் மஞ்சள் பட்டை. அதற்கு ஹேர்ஸ்ப்ரே முறை: கறுப்பின் மேல் வார்னிஷ், அதன் மேல் ஹேர்ஸ்ப்ரே இரண்டு பூச்சு, அது காய்ந்ததும் நீரில் கரையும் அக்ரிலிக் மஞ்சள். அப்புறம் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பிரஷ்ஷால் தட்டித் தட்டி, பல்குச்சியால் சுரண்டினால் அடியில் உள்ள ஹேர்ஸ்ப்ரே இளகி மஞ்சள் துண்டு துண்டாகப் பெயரும், அடியில் கறுப்பு தெரியும்.

அழுக்கு விஷயத்தில் இன்னும் கவனம் தேவைப்பட்டது. அறிவியல் புனைவுப் படங்களில் சுவரிலும் கருவியிலும் மேலிருந்து கீழாக வழிந்த கறைகளை நிறையப் பார்க்கலாம். வழிவதற்கு எடை வேண்டும். எடையின்மையில் இருக்கும் கப்பலில் எண்ணெய் வழியாது, தூசி மேற்பரப்பில் படியாது. எல்லாம் மிதந்து, விசிறி இழுக்கும் திசையில் போய்க் காற்று உறிஞ்சும் வலைகளில் சேரும், விண்வெளி நிலையத்தில் தொலைந்த பொருளை அங்கேதான் முதலில் தேடுகிறார்கள். ஆக, என் கருவியில் மேல்பக்கம் கீழ்பக்கம் என்ற வேறுபாடே இல்லாமல் அழுக்கு வைக்க வேண்டும். கறுப்பும் பழுப்பும் கலந்த ஆயில் பெயின்ட்டை ஒயிட் ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து, மூடியின் இடுக்கு, சுவிட்சுகளின் அடி, டிரிகரின் பள்ளம், இவற்றில் மட்டும் ஓடவிட்டுத் துணியால் துடைத்தேன். கை எண்ணெய் சேரும் இடங்கள் இவை. வெல்க்ரோவில் மட்டும் தாராளமாக நூலும் பஞ்சும் ஒட்டவிட்டேன், மிதக்கும் குப்பையைப் பிடிக்க அதைவிடத் தோதான பொருள் கிடையாது. சுவர்ப் பலகைகள் செய்பவர்களிடமும் இதைச் சொன்னோம், அவர்களும் வழிந்த கறைகளை எடுத்துவிட்டு, காற்று வலைகளைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறப் பஞ்சை வைத்தார்கள். நடைபாதையின் தோற்றமே மாறிவிட்டது.

ஒரு பழுதும் வேண்டும் என்று நினைத்தோம். 1969 ஜூலையில் நிலவில் இறங்கிய கலத்தில், புறப்படும் எஞ்சினை இயக்கத் தேவையான ஒரு சர்க்யூட் பிரேக்கரின் முனை உடைந்துபோனது, பஸ் ஆல்ட்ரின் ஒரு ஃபெல்ட் டிப் பேனாவை வைத்து அதை உள்ளே தள்ளினார். 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 பயணத்தில் நிலவு வண்டியின் மட்கார்டு உடைந்தபோது, வரைபடத் தாள்களை டேப்பால் சேர்த்து ஒட்டிக் கிளாம்ப் போட்டுச் சமாளித்தார்கள். எவ்வளவு பெரிய பயணமாக இருந்தாலும் உடைந்தால் கைக்கு எட்டியதைக் கொண்டுதான் ஒட்டுப்போட வேண்டியிருக்கிறது. என் கருவியில் உணர்திறன் சுவிட்சின் நெம்புகோலைப் பாதியில் வெட்டி, மிச்சத்தின் மேல் ஒரு பேனா மூடியை எபாக்ஸியால் ஒட்டினேன், எபாக்ஸி கொஞ்சம் பிதுங்கி வெளியே வந்திருப்பது தெரியும்படி. மூடி சிவப்பு. கருவியிலேயே வேறெங்கும் இல்லாத நிறம் என்பதால் நடிகரின் விரல் அங்கே போகும்போதெல்லாம் கண்ணும் போகிறது.

மின்னணு வேலை சுருக்கமாக. பத்துக் கட்டம் கொண்ட எல்இடி பட்டை ஒன்று, ஆர்டுயினோ நானோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று, கைப்பிடிக்குள் லித்தியம் செல். பட்டையை எப்படி ஏற்றி இறக்குவது என்று யோசித்தபோது, வெளியிலிருந்து ரிமோட்டில் ஒருவர் இயக்கலாம் என்றார் இயக்குநர். அதைவிட நல்ல வழி ஒன்று இருந்தது. கூம்பின் முனையில் காந்தப்புலத்தின் அளவை உணரும் நேரியல் ஹால் சென்சார் ஒன்றை வைத்தேன், அலுமினியம் காந்தப்புலத்தைத் தடுக்காது. சுவர்ப் பலகையின் பின்னால், கசிவு இருக்க வேண்டிய இடத்தில், வலுவான ஒரு நியோடிமியம் காந்தம். காந்தம் இல்லாதபோது சென்சார் தரும் மின்னழுத்தம், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதி, அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் அந்த விலகலின் அளவை எடுத்து, கடைசிச் சில அளவீடுகளின் சராசரியைப் பட்டையில் காட்டினால் போதும். கொஞ்சம் தாறுமாறான துடிப்பையும் சேர்த்தேன், நிஜக் கருவி ஒருபோதும் அசையாமல் நிற்காது. சில சென்டிமீட்டர் நெருங்கினால்தான் பட்டை ஏறத் தொடங்கும், அதுவே நமக்கு வேண்டியது. ஹெட்போனில் நெருங்க நெருங்க வேகமாகும் டிக் டிக் ஒலியும் நிஜமாகவே கேட்கும், படத்தில் அந்த ஒலியை மாற்றிவிடுவார்கள் என்றாலும்.

கேமரா சோதனையில் இரண்டு விஷயம் தெரிந்தது. எல்இடியின் ஒளியைக் குறைக்க நானோவின் பிடபிள்யூஎம் வசதியைப் பயன்படுத்தினால், அது நொடிக்கு ஏறக்குறைய 490 முறை அணைந்து அணைந்து எரிவதால், சில ஷட்டர் வேகங்களில் விளக்கின் மேல் பட்டை பட்டையாக ஓடுகிறது. அதை விட்டுவிட்டு ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டியே ஒளியைக் குறைத்துக்கொண்டேன். அப்படியும் மங்கலான நடைபாதையில் பச்சை விளக்குகள் வெளுத்துப்போய் வெள்ளையாகத் தெரிந்தன, மேலே புகைநிற பிலிம் ஒன்றை ஒட்டியதும் நிறம் திரும்பிவிட்டது, அணைந்திருக்கும் கட்டங்களும் கண்ணுக்குத் தெரியாமல் போனது கூடுதல் லாபம்.

படப்பிடிப்பில் காந்தத்தை எங்கே வைத்தோம் என்று நடிகரிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு டேக்குக்கும் இடம் மாற்றினோம். அவர் நிஜமாகவே தேடினார். முதலில் வேகமாக வீசிப் பார்த்தவர், சத்தம் லேசாக மாறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகர்த்தினார், பட்டை ஏறி இறங்கியதும் திரும்ப அதே இடத்துக்குப் போய், சிவப்பு மூடியைத் தானாகவே தட்டி உணர்திறனைக் கூட்டினார். அந்தச் சுவிட்சை நான் வெறும் அலங்காரமாக விடாமல் நிரலில் இணைத்திருந்தேன், அதனால் அளவு உண்மையிலேயே கூடியது. இந்தத் தேடலை நடித்துக் காட்டச் சொல்லியிருந்தால் எந்த நடிகரும் இவ்வளவு மெதுவாகச் செய்திருக்க மாட்டார் என்று ஒளிப்பதிவாளர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

கருவி தானாக மிதக்கும் ஷாட் ஒன்று பாக்கி இருக்கிறது. 1968-இல் வந்த 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்தில் பேனா மிதக்கும் காட்சிக்கு, பெரிய கண்ணாடித் தகட்டில் இரட்டைப் பக்க டேப்பால் பேனாவை ஒட்டித் தகட்டைச் சுழற்றினார்கள், அதே முறைதான் எங்களுக்கும். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு, ஒளி பிரதிபலிக்காத கோணத்தை ஏற்கெனவே பார்த்து வைத்துவிட்டோம். இந்தக் கருவியே இன்னும் கொஞ்சம் கனம் என்பதால், ஈவிஏ நுரைத் தாளில் ஒரு நகல் வெட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் கருவியை எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒவ்வொரு கீறலையும் தாளில் நகலெடுத்து வைத்திருக்கிறேன், கூம்பின் விளிம்பில் பெயர்ந்த இடங்கள் உட்பட. நுரையில் சாவிக்கொத்து வேலைக்கு ஆகாது, அங்கே வெள்ளிப் பெயின்ட்டைத்தான் மெல்லிய பிரஷ்ஷால் வைக்க வேண்டும். வடிவத்துக்கு ஹீட் கன் காட்டி முடித்துவிட்டேன், ஸ்டிக்கர்கள் இரண்டாவது பிரதி தயார், அடுத்தது பிரைமர்.